தூர் எங்கிருந்து வருகிறது?

சித்திரை பிறந்தால் உசிலம்பட்டிப் பக்கத்துக் கண்மாய்களில் பொக்லைன் சத்தம் கேட்கத் தொடங்கும். வெடித்துக் கிடக்கும் தரையைக் கெல்லி, கரம்பை மண்ணை டிராக்டரில் ஏற்றுவார்கள். கொஞ்சம் வெள்ளாமைக் காட்டுக்குப் போகும், கொஞ்சம் கரைமேல் ஏறும், கொஞ்சம் எங்கே போகிறது என்று ஊருக்கே தெரியாது. 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்து அரசு பணம் ஒதுக்கிய பிறகு இந்த வேலை வேகம் பிடித்தது. நல்ல வேலைதான். ஆனால் தூர்வாரி நாலைந்து ஐப்பசி கழிந்தால் கண்மாய் மறுபடி மேடு தட்டிவிடுகிறது. மறுபடி மனு, மறுபடி டெண்டர், மறுபடி பொக்லைன்.

வாரிய தூர் எத்தனை லோடு என்று கணக்குக் கேட்கிறோம். அந்தத் தூர் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் குறைவு.

மலையிலிருந்து என்பதுதான் பொதுவான பதில். மேற்கே ஆண்டிபட்டி மலைத்தொடர் நிற்கிறது, அங்கே பெய்கிற மழை மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது. இது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மலையடிவாரத்துக்கும் கண்மாய்க்கும் நடுவே ஓடை பல கிலோமீட்டர் காட்டு வழியே வருகிறது. அந்த வழியெங்கும் இரு பக்கக் கரையும் மண்தான். பல நாடுகளில் ஆற்று வண்டலின் மூலத்தைத் தேடிப்போன ஆய்வாளர்கள், இடிந்து விழுந்த கரை மண்ணின் பங்கு சில இடங்களில் பாதியையும் தாண்டுவதைக் கண்டிருக்கிறார்கள். கண்மாய்க்குத் தூர் கொண்டுவரும் வழியும் அதுதான், தண்ணீர் கொண்டுவரும் வழியும் அதுதான். அந்த வழியைக் கவனிக்காமல் கண்மாயை மட்டும் வாருவது வீண்செலவு என்பது என் கட்சி.

உசிலம்பட்டிக்கு இது வேறெந்த ஊரைவிடவும் முக்கியம். மதுரைச் சமவெளியின் கிழக்குப் பகுதிக்கு 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் வந்தது. மேற்கே மேட்டு நிலமாகக் கிடக்கும் உசிலம்பட்டியின் பெரும்பகுதிக்கு அந்த வாய்ப்பு இல்லை. பல ஆண்டுகள் போராடிப் பெற்ற 58 கிராமக் கால்வாயில்கூட, வைகை அணை தன் 71 அடியை நெருங்கும் ஆண்டுகளில்தான் தண்ணீர் விடுவார்கள். மற்ற ஆண்டுகளில் வானத்தையும் ஓடையையும் நம்ப வேண்டியதுதான். இங்குள்ள ஓடைகள் சில வைகைக்கும் பல குண்டாற்றுக்கும் போகின்றன. திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாகப் போய் மூக்கையூர் அருகே கடலைத் தொடுகிற குண்டாறு, வழியெல்லாம் கண்மாய்ச் சங்கிலிகளுக்குத் தண்ணீர் கொடுக்கிற ஆறு. மேல் கண்மாயின் மறுகால்தான் கீழ் கண்மாயின் வரத்து. மேலே ஒரு கரை சரிந்தால் கீழே நாலு ஊருக்குத் தூர்.

ஒரு கரை எப்படிச் சரிகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

ஓடை வளைகிற இடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவின் உள்பக்கம் மணல் திட்டாகச் சேர்ந்திருக்கும். வெளிப்பக்கம் ஆளுயரச் செம்மண் கரை செங்குத்தாக நிற்கும். வெள்ளம் வரும்போது வேகமான தண்ணீர் வெளிப்பக்கத்தில்தான் மோதும். அது கரையின் முகத்தைவிட அடிக்காலைத்தான் அதிகம் குடையும். மேலே கரை முழுசாக நிற்பதுபோல் தெரியும், கீழே பொந்து. கரை அப்போதே விழுந்துவிடுவதில்லை. வெள்ளம் நிறைந்து ஓடும்வரை தண்ணீரே பக்கவாட்டில் அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். வெள்ளம் வடியும்போதுதான் ஆபத்து. கரைக்குள் ஊறிய தண்ணீர் மண்ணின் எடையைக் கூட்டியிருக்கும், துகளோடு துகள் பிடித்திருந்த பிடிப்பையும் தளர்த்தியிருக்கும். வெளியே தாங்கிய தண்ணீரும் இறங்கிப்போனால் கரை ஒரு பாளமாகப் பிரிந்து விழும். மழை நின்ற மறுநாள் வெயிலில் கரை தானாகச் சரிகிறதே என்று ஆச்சரியப்படுபவர்கள் உண்டு. அது முந்தின நாள் வெள்ளத்தின் பாக்கிக் கணக்கு.

இப்போது அதே கரையில் ஆடு இறங்கும் தடத்தைப் பாருங்கள். ஒரு வெள்ளாட்டின் குளம்பு இரண்டு விரல் அகலம்தான், ஆனால் உடல் எடை முழுவதும் அந்த நாலு சிறு முனைகளில்தான் இறங்குகிறது. நாளுக்கு இரண்டு முறை மந்தை இறங்கி ஏறினால் முதலில் புல் சாகும், பிறகு மேல்மண் கெட்டிப்படும். கெட்டிப்பட்ட மண்ணில் மழை இறங்காது, வழிந்தோடும். வழிந்தோடுவதற்குப் பள்ளமான தடம் தயாராக இருக்கிறது. அடுத்த மழையில் அந்தத் தடம் ஒரு வாய்க்கால். அதற்கடுத்த மழையில் பக்கத்துக் காட்டின் மேல்மண் அந்த வாய்க்கால் வழியே ஓடைக்குள் இறங்கத் தொடங்கும். ஆட்டைத் திட்டிப் பயனில்லை. வேறு இறங்குவழியும் தண்ணீரும் அதற்கு யாரும் வைக்கவில்லை.

தண்ணீரின் வேகத்தை வைத்து 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை இரு மடங்கு ஆவதில்லை, 64 மடங்கு ஆகிறது. வேகத்தின் ஆறாம் அடுக்கு. கரையோரப் புல்லும் புதரும் வெள்ளத்தின் வேகத்தைப் பாதியாக்கினால் ஓடையின் உருட்டும் பலம் எவ்வளவு குறையும் என்று இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அருகம்புல்லை ஏளனமாகப் பார்க்கத் தோன்றாது.

இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் செய்யச் சொல்லலாம். ஐப்பசியில் முதல் வெள்ளம் வரும்போது ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஓடைத் தண்ணீரைப் பிடித்து, ஒரு சாண் உயரத்துக்கு நிரப்பி, குலுக்கி ஜன்னலோரம் வையுங்கள். நைசான மணல் அரை நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். வண்டல் உட்கார முக்கால் மணி நேரம் ஆகலாம். களிமண் துகள் மறுநாளும் மிதக்கும், அதற்கு மறுநாளும் தண்ணீர் மங்கலாகவே இருக்கும். துகளின் பருமன் பத்தில் ஒன்றானால் அது மூழ்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடுவதுதான் காரணம். கரையோரப் புல்வரிசை மணலையும் வண்டலையும் நன்றாக வடிகட்டும், களிமண்ணை அவ்வளவாகப் பிடிக்காது என்பதையும் அந்தப் பாட்டில் சொல்லிவிடும். உரத்தின் பாஸ்பரஸ் பெரிதும் ஒட்டிக்கொண்டு போவது இந்தக் களித் துகளில்தான். அதனால் கரையில் புல் வைத்துவிட்டோம், இனி ஓடை பளிங்காக ஓடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காட்டு வரப்பு உயரமாக இருக்க வேண்டும், கரை மிதிபடாமல் இருக்க வேண்டும். புல் மூன்றாவது காவல்தான்.

சாணத்துக்கு வருவோம். நியூசிலாந்தின் செர்ரி ஆற்றில் 246 கறவை மாடுகள் கொண்ட ஒரு மந்தை ஆற்றைக் கடப்பதை ஆய்வாளர்கள் கவனித்து, 2004-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மற்றப் பாதையோடு ஒப்பிட்டால், ஆற்றைக் கடக்கும் இடத்தில் மாடுகள் மீட்டருக்கு மீட்டர் ஏறக்குறைய 50 மடங்கு அதிகமாகச் சாணம் போட்டன. தண்ணீரில் கால் வைத்ததும் மாடு நின்றுவிடும், வாலைத் தூக்கும். நம்மூர் மேய்ப்பர்களுக்கு இது ஆய்வுக் கட்டுரை படித்துத் தெரிய வேண்டியதில்லை. எனக்கு இதில் உறுத்துவது தண்ணீரின் அசுத்தத்தோடு சேர்த்து இன்னொன்று. மதுரை, சிவகங்கைப் பக்கம் புலிக்குளம் மாட்டுக் கிடையையும் செம்மறிக் கிடையையும் காசோ தானியமோ கொடுத்துத் தன் காட்டில் மடக்கச் சொல்கிற விவசாயி இருக்கிறார். காட்டில் விழுந்தால் அது உரம், அதற்கு விலை உண்டு. ஓடையில் விழுந்தால் கண்மாயில் பாசி.

இதற்கெல்லாம் மேலைநாடுகள் கண்ட மருந்து வேலி. கரையிலிருந்து சில மீட்டர் தள்ளிக் கம்பி வேலி போட்டு, வேலிக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்நாட்டு மரம், புதர், புல்லை நடுவது. நியூசிலாந்தில் 2020-இல் வந்த விதிகள், ஒரு மீட்டரைவிட அகலமான ஆறுகளில் மாடுகளை இறங்க விடக் கூடாது, குறைந்தது மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும் என்கின்றன. அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவுக்கு ஓடும் சிற்றாறுகளின் கரையில் பண்ணை வேலிக்கு அரசே மானியம் தருகிறது.

இந்த நியூசிலாந்து அனுபவத்தில் உசிலம்பட்டிக்காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி வேறு. அகலமான ஆறுகளுக்கு மட்டும் வேலி போட்டால் எவ்வளவு அழுக்கு குறையும் என்று அந்நாட்டு விஞ்ஞானிகள் 2017-இல் கணக்கிட்டார்கள். அப்படி வேலி போடாமல் விடுபடும் சின்னஞ்சிறு ஓடைகளிலிருந்துதான் நாடு முழுவதும் சராசரியாக 77 விழுக்காடு அழுக்கு வருகிறது என்று தெரிந்தது. யாரும் பெயர்கூட வைக்காத ஓடைகள் அவை. நம் ஊரிலும் வைகைக்குக் கூட்டம் போடுவார்கள், மனிதச் சங்கிலி நடக்கும், அமைச்சர் வருவார். காட்டு மூலையில் ஆண்டுக்கு இருபது நாள் மட்டும் தண்ணீர் ஓடும் ஓடைக்கு யார் வருவார்?

கம்பி வேலியை அப்படியே இங்கே இறக்குமதி செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் காட்டு வெள்ளத்தில் குப்பையும் முள்ளும் கம்பியில் மாட்டி, வேலியே ஒரு குறுக்குத் தடுப்பாகி, தண்ணீர் பக்கத்துக் காட்டை அறுத்துக்கொண்டு போகும். கம்பியை அறுத்துப் பழைய இரும்புக் கடையில் போடுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் குடிக்க வந்த ஆட்டை எதுவும் தராமல் விரட்ட முடியாது.

அதற்கு அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடந்த ஒரு எளிய ஆய்வு வழி சொல்கிறது. 1997-இல் வெளிவந்தது. வேலியே போடவில்லை. மேய்ச்சல் நிலத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும் வைத்தார்கள். மாடுகள் நூற்றுக்கு 92 தடவை ஓடையை விட்டுவிட்டுத் தொட்டிக்கே போயின. கரை அரிப்பு 77 விழுக்காடு குறைந்தது. சேற்றில் இறங்கி வழுக்கிக் குடிப்பதைவிட மேட்டில் நின்று சுத்தமான தண்ணீர் குடிப்பது மாட்டுக்கும் பிடிக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் பல ஊர்களில் கால்நடைக்கு சிமெண்டுத் தொட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். பல தொட்டிகளில் தண்ணீர் இல்லை. ஒரு பம்புசெட்டிலிருந்து குழாய் இழுத்து அதை நிரப்புகிற செலவோடு, கண்மாயை ஒருமுறை வாருகிற செலவை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தொட்டி வைத்தாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடுப்பு தேவை. கரையில் நடும் இளம் நாற்று ஆட்டுக்குத் தெரியக் கூடாது. இங்கேதான் உயிர்வேலி வருகிறது. உயிர்வேலி விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு ஒரு கசப்பான அனுபவமும் இருக்கிறது.

சீமைக் கருவேலத்துக்கு வேலிக்காத்தான் என்று இன்னொரு பெயர் உண்டு. 1870-களில் சென்னை மாகாணத்துக்குள் வந்த அமெரிக்க மரம். விறகுக்காகவும் காட்டைக் காக்கும் வேலிக்காகவும் பரப்பப்பட்டது. அதன் நெற்று இனிக்கும், ஆடு மாடு விரும்பித் தின்னும். ஆனால் விதை செரிக்காமல் சாணத்திலும் புழுக்கையிலும் வெளியே வந்து, ஈரம் பட்டதும் முளைக்கும். கால்நடை எங்கே அடிக்கடி போகுமோ அங்கே மரம். கால்நடை ஓடைக்குப் போனது, மரமும் போனது. பிறகு வெள்ளம் நெற்றைச் சுமந்து கீழ் கண்மாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. காத்து நிற்க வைத்த வேலி காட்டையே எடுத்துக்கொண்டது.

இந்த மரத்தைப் பற்றி வாட்ஸாப்பில் சுற்றும் கதைகள் பல. காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்பது அதில் ஒன்று, அதற்கு ஆதாரம் கிடையாது. ஆதாரமுள்ள கெடுதலே போதுமானது. இதன் பேரினத்தைச் சேர்ந்த மரம் ஒன்றின் வேர் அமெரிக்காவின் அரிசோனாவில் சுரங்கம் தோண்டிய இடத்தில் 53 மீட்டர் ஆழத்தில் தென்பட்டது. ஆனால் ஓடைக்கு அதன் ஆழத்து வேரைவிட மேலே அது செய்யும் வேலைதான் தீங்கு. அடர்ந்த கருவைக்கடியில் புல் அவ்வளவாக வளராது. கரை மண் அம்மணமாகக் கிடக்கும். ஓடையின் நடுவிலேயே முளைத்து நிற்கும் மரங்கள் வெள்ளத்தைத் திருப்பிக் கரைமேல் மோதவிடும்.

2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையடுத்து ஊர் ஊராகக் கருவையை வேரோடு பிடுங்கினார்கள். பார்க்க உற்சாகமாக இருந்தது. பிடுங்கிய கையோடு அந்த இடத்தில் வேறொன்றை நடாமல் போன இடங்களில் நடந்தது என்ன? பொக்லைன் கிளறிய பொலபொலத்த மண் அடுத்த மழையில் கண்மாய்க்குப் போனது. மிச்சமிருந்த அடித்தூரும் மண்ணில் கிடந்த விதையும் சேர்ந்து கருவை முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்த்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அயல் தாவரக் கொள்கையின் பெயரிலேயே அகற்றலோடு சூழல் மீட்பும் சேர்ந்திருப்பது நல்ல அறிகுறி. வெட்டுவதும் நடுவதும் ஒரே பருவத்தின் வேலையாக இருக்க வேண்டும். ஓடை முழுவதையும் ஒரேயடியாக மொட்டையடிக்காமல், ஆண்டுக்கு ஒரு துண்டு என்று எடுத்து, எடுத்த துண்டை மூடிவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் சரி. கருவை விறகிலும் கரிமூட்டத்திலும் பிழைப்பவர்களுக்கும் அது தோது.

சரி, எதை நடுவது? கொங்கு நாட்டில் இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. கரூர், தாராபுரம், காங்கேயம் பக்கம் கொரங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை வேலி நிற்கும். உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், காங்கேயம் மாடு. கிளுவைப் போத்தை வெட்டி நெருக்கமாக ஊன்றினால் மழைக்குத் துளிர்த்து, சில ஆண்டுகளில் கோழிகூட நுழைய முடியாத முள்வேலி ஆகிவிடும். தண்ணீர் கேட்காது, வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். கருவையைப் போலக் காடெல்லாம் படையெடுப்பதும் இல்லை. கொங்கில் அது மாட்டை உள்ளே வைக்க நட்ட வேலி. நாம் மாட்டை வெளியே வைக்க நடலாம். வேலிக்கு எந்தப் பக்கம் மாடு நிற்கிறது என்று தெரியாது.

வேலிக்கு உள்ளே கரையில் நடுவதற்கு ஒரு வரிசை முறை உண்டு. வெள்ளம் தொடும் அடிக்காலில் மரம் ஆகாது. விறைத்து நிற்கும் தண்டைச் சுற்றித் தண்ணீர் சுழித்து மண்ணைத் தோண்டும். அங்கே வளைந்து கொடுப்பவை வேண்டும். மணல் ஓடையில் நாணல், ஈரம் தங்கும் இடத்தில் கோரை, இரண்டுக்கும் மேலாக வெட்டிவேர். வெட்டிவேர் நம் மண்ணின் புல். நாம் அதை விசிறிக்கும் தண்ணீர்ப் பானைக்கும் வைத்திருந்தபோது, 1980-களில் உலக வங்கி நிபுணர்கள் கர்நாடகத்தில் விவசாயிகள் வரப்பில் நட்டிருந்ததைப் பார்த்து, மண்ணரிப்பைத் தடுக்க உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். அதன் வேர் பக்கவாட்டில் ஓடாது, நேரே கீழே மூன்று நான்கு மீட்டர் இறங்கும். வேரின் இழுவலிமையை அளந்தவர்கள், சாதாரண எஃகின் வலிமையில் ஆறில் ஒரு பங்கு இருக்கிறது என்றார்கள். தென்னிந்திய வகை விதைத்துப் பரவுவதில்லை என்பதால் வயலுக்குள் களையாக நுழையும் என்ற பயமும் வேண்டாம். ஆனால் வேர் பிடிக்க முதல் பருவத்தில் ஈரம் வேண்டும், இளசை ஆடு கடிக்கும்.

கரையின் நடுச்சரிவுக்கு நொச்சியும் ஆடாதோடையும். இரண்டும் ஆடு வாய் வைக்காதவை, வெட்டினால் துளிர்ப்பவை, வைத்தியத்துக்கும் ஆகும். நொச்சியின் வளாரில் கூடை பின்னலாம். ஆடு தொடாதது என்பதே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. நெய்வேலிக் காட்டாமணக்கையும் ஆடு தொடாது, அதைக் கண்மாய்க்குள் விட்டுவிட்டு இன்றுவரை அவதிப்படுகிறோம். அதுவும் அமெரிக்கச் சரக்குதான்.

மேட்டில் மரம். ஆண்டு முழுக்க ஈரமிருக்கும் கண்மாய் வாயிலுக்கு மருதும் நாவலும் சரி. காய்ந்து கிடக்கும் மேல் ஓடைக்கு மருதை நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டால் மறு சித்திரையில் குச்சிதான் மிஞ்சும். அங்கே புங்கு, வெள்வேல், பனை, ஊரின் பெயரிலேயே இருக்கிற உசிலை. உசிலை இலையைக் காயவைத்து இடித்தால் அரப்பு. தழை ஆட்டுக்கு ஆகும். கல்லும் சரளையுமான மண்ணிலும் பிடிக்கும். மதுரைக்குள் நர்சரிகளில் அயல்நாட்டு அழகு மரம் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கிறது, உசிலை நாற்றைக் கேட்டால் கையை விரிப்பார்கள். விதையை நாமே பொறுக்கி முளைக்கப் போட வேண்டியதுதான்.

அகலம் எவ்வளவு விட வேண்டும் என்ற கேள்வியில்தான் அறிவியலும் பட்டாவும் மோதிக்கொள்கின்றன. நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்க விஞ்ஞானிகள் இருவர் 2014-இல், சிற்றாறுகளுக்குக் கரையோரம் 30 மீட்டர் விட்டால்தான் முழுப் பாதுகாப்பு என்றார்கள். வண்டலை மட்டும் எடுத்துக்கொண்டால் 10 மீட்டர் ஏறக்குறைய 65 விழுக்காட்டைப் பிடிக்கிறது, 30 மீட்டர் 85 விழுக்காட்டை. தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 2015-16 கணக்கெடுப்புப்படி 0.75 ஹெக்டேர், அதாவது ஒரு ஏக்கர் 85 சென்ட். அது சதுரமாக ஓடையை ஒட்டி இருந்தால் ஒரு பக்கம் 87 மீட்டர். அதில் 30 மீட்டர் விடச் சொன்னால் 64 சென்ட் போய்விடும், மூன்றில் ஒரு பங்கு. எந்த விவசாயியும் கேட்க மாட்டார், கேட்கவும் கூடாது. மூன்று மீட்டர் என்றால் ஆறு சென்ட் சொச்சம். அதிலும் பெரும்பகுதி பல இடங்களில் அவருடையதே அல்ல.

ஏனென்றால் ஓடையின் இரு பக்கமும் வருவாய்த்துறை வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கு என்று நிலம் இருக்கிறது. கல் ஊன்றி அளந்தால் பல காடுகளில் வரப்பு உள்ளே நகர வேண்டியிருக்கும். ஏரி, குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தனிச் சட்டமே வந்தது. சட்டத்தின் கண் கண்மாய் வரை போகிறது, கண்மாய்க்கு வரும் ஓடைக்குள் அவ்வளவாக நுழைவதில்லை. கரையை உழுது ஒரு சால் அதிகம் போடுகிறவர் தனக்கு இரண்டு மூட்டை கடலை கூடுவதைப் பார்க்கிறார். கண்மாய்க்குப் போகும் மண் எல்லோருக்கும் பொது, அதனால் யாருக்கும் இல்லை.

புறம்போக்கை மீட்டு வேலி போட்டால் அடுத்த சிக்கல் வருகிறது. அது நிலமில்லாதவர்களின் மேய்ச்சல் தரை. நாலு வெள்ளாட்டை வைத்துக்கொண்டு பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒரு கிடாயை விற்கிற பெண்ணிடம் போய், சுற்றுச்சூழலுக்காக ஓடைப் பக்கம் வராதே என்று சொல்வது அநியாயம். சொன்னாலும் நடக்காது.

இந்தியாவில் இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டிய ஊர் அரியானாவின் சுகோமாஜ்ரி. சண்டிகர் நகருக்காக 1958-இல் உண்டாக்கிய சுக்னா ஏரி, இருபது ஆண்டு முடிவதற்குள் பாதிக்கு மேல் மண்ணால் நிரம்பியது. தூர்வாரப் பணம் கொட்டினார்கள். பி.ஆர். மிஸ்ரா என்ற மண்வள விஞ்ஞானி, ஏரியை விட்டுவிட்டு மண் வரும் வழியைப் பிடித்து மேலே போனார். மலையடிவாரத்தில் சுகோமாஜ்ரியில் ஆடு மேய்ந்து மொட்டையான குன்றுகள் இருந்தன. 1970-களில் அங்கே சிறு அணைகள் கட்டி ஊருக்குப் பாசனத் தண்ணீர் கொடுத்தார்கள். பதிலுக்கு ஊரார் குன்றில் ஆட்டை விடுவதில்லை என்று தாங்களாகவே முடிவெடுத்தார்கள். நிலமில்லாதவருக்கும் தண்ணீரில் சம பங்கு என்று வைத்ததுதான் அந்தத் திட்டத்தின் சூட்சுமம். தண்ணீர் தேவைப்படாதவர் தன் பங்கை விற்றுக்கொள்ளலாம். குன்றில் புல் வளர்ந்தது. அதை அறுத்து விற்றார்கள். ஏரிக்கு வரும் மண் வெகுவாகக் குறைந்தது. ஒரு முழம் கம்பிகூட இல்லாத வேலி அது. ஆங்கிலத்தில் அதற்குப் புதுப்பெயர் சூட்டிப் பாடப்புத்தகத்தில் சேர்த்தார்கள். உசிலம்பட்டியில் யாரைக் கேட்டாலும் ஊர்க்கட்டுப்பாடு என்று சொல்லிவிடுவார்கள்.

கட்டுப்பாடு நிற்க வேண்டுமானால் பலன் கையில் விழ வேண்டும். புறம்போக்கு மரத்தின் மேல்பலனை நட்டு வளர்த்தவர் அனுபவிக்க, மரப்பட்டா, 2சி பட்டா என்று வருவாய்த்துறையில் பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அந்த மாதிரி ஒரு உரிமையை, ஓடை நிலத்தைத் தொடாமல், புங்கங்கொட்டைக்கும் அரப்புத் தழைக்கும் நொச்சி வளாருக்கும் அறுத்தெடுக்கும் புல்லுக்கும் ஆடு வளர்க்கும் குடும்பங்களுக்கே கொடுத்தால் காவலுக்குத் தனி ஆள் தேவைப்படாது. ஆண்டுக்கு ஒரு துண்டை அடைத்து, அதன் மரம் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் போனதும் திறந்துவிடலாம். கண்மாய் வேலையில் ஊர்ச் சங்கங்களோடு பழகிய அமைப்புகள் மதுரையிலேயே இருக்கின்றன. தானம் அறக்கட்டளையின் வயலகத் திட்டம் 1992 முதல் கண்மாய்ப் பாசன விவசாயிகளைச் சங்கமாகத் திரட்டி வருகிறது. சங்கங்கள் கண்மாய்க் கரையில் நின்றுவிடாமல் மேலே ஓடைக்கு நடந்து போக வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டம் நடக்கிறது. அதில் ஆகஸ்ட் 15 கூட்டம் ஆடிக் கடைசியில் வருகிறது, ஐப்பசி மழைக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னால். உங்கள் ஊர் வரத்து ஓடையை அளந்து கல் ஊன்ற வேண்டும், ஆடு இறங்கும் இடத்துக்கு மேலே தொட்டி கட்டித் தண்ணீர் விட வேண்டும், இந்த ஆண்டு எந்தத் துண்டை அடைப்பது என்று ஊரே முடிவு செய்ய வேண்டும் என மூன்று தீர்மானம் கேளுங்கள். கிளுவைப் போத்தும் வெட்டிவேர்ப் பதியமும் மழைக்கு முன் மண்ணுக்குள் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்றுதான் நடக்கும் என்றால் தொட்டியைக் கேட்டு வாங்குங்கள்.